இங்கிலாந்தில் பிணைக்கு ஆள் தேடிய கதை

1

இங்கிலாந்தில் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கடன் எடுப்பதென்றால், நிரந்தர நியமனமும் ஓய்வூதிய உரித்தும் உள்ள இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் பிணைக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று நான் நம்பியிருந்தேன்.

எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. நானாகவே நம்பினேன். திருகோணமலை மாவட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடன் என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த கேள்வி, "பிணைக்கு ஆர்?" வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. குடியுரிமைப் பரீட்சை எழுதி, இவர்களுடைய அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாஸானவன் நான். பாஸ்போர்ட்டை மாற்றித் தந்தார்கள். மண்டையை மாற்றித் தருவதற்குத்தான் ஓர் அரசாங்கக் கந்தோரும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை நிலாவெளியிலிருந்து என் மைத்துனர் போனில் கேட்ட ஒரு கேள்வி. "மகளின்ர படிப்புக்கு எத்தினை கோடி கட்டினனீங்கள்?" நான் பதில் சொல்லாமல் ஒரு பெருமூச்சு விட்டேன். அதை அவர் பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. மைத்துனரிடம் மதிப்புக் கிடைப்பது அருமை. உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் வாசிக்கிறவர் அல்ல.

2

மகள் மிதுனா கடலியல் படிக்கப் போவதாகச் சொன்ன நாளில் நான் சிரித்துவிட்டேன். எங்கள் பரம்பரையே சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் கடலைப் படித்த பரம்பரை. பள்ளிக்கூடம் போகாமல் படித்தது. அப்பா தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்லுவார். நான் மட்டும் கடலுக்குப் பயந்து ஓடி, கடைசியில் ஓர் ஆங்கிலேய சூப்பர்மார்க்கெட்டின் மீன் பகுதியில், ஐஸுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறேன்.

"கடலைப் படிக்கக் காசு கட்டோணுமோ?" என்று கேட்டேன். "உன்ர அப்பப்பாவின்ர ஆக்களிட்ட அனுப்பினால் சும்மா படிப்பிச்சுச் சாப்பாடும் தந்திருப்பாங்கள்."

"அப்பா, அவையள் எனக்கு டிகிரி தருவினமோ?" என்றாள். அவள் இங்கே பிறந்தவள். எங்கள் வீட்டில் வாதத்தில் தோற்பது வழமையாக நான்தான்.

அவளுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று தெற்குக் கரையில், நாலு மணித்தியாலம் தள்ளி, கடலியலுக்குப் பேர்போன இடம். மற்றது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ். அங்கே கடலியல் இல்லை. சுற்றாடல் ஏதோ ஒன்று இருந்தது. வைகாசி முடிவதற்குள் இரண்டில் ஒன்றை அவள் தெரிவுசெய்யவேண்டும். தெரிவுசெய்தால் அதோடு சரி, பிறகு மாற்ற ஏலாது.

மகள் நித்திரையான பிறகு தெற்குக் கரையின் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வருடக் கட்டணம் ஒன்று. விடுதிக்கு வேறு. சாப்பாட்டுக்கு வேறு. எல்லாவற்றையும் இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்படி மாற்றிப் பார்ப்பவனை ஆண்டவனே நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. அந்தக் காசுக்குப் படகு, இஞ்சின், வலை, கரையில் ஒரு மீன்வாடி எல்லாம் வாங்கி, மிச்சத்துக்கு ஒரு கல்யாணமும் செய்யலாம்.

முழுத் தொகையையும் முதலே கட்டவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அதற்கும் காரணம் இருந்தது. மாணவர் விசாவில் வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காணியை விற்றுக் கட்டணம் கட்டி, வங்கிக் கணக்கில் காட்டுவதற்கு ஊரெல்லாம் கைமாற்றாகக் காசு வாங்கி, வந்திறங்கும்போதே பாதி உயிராக வருவார்கள். அதைத்தான் பல்கலைக்கழகம் என்று நான் விளங்கி வைத்திருந்தேன். என் மகள் இந்த நாட்டுப் பிரசை, அவளுடைய வாசல் வேறு என்பது என் புத்தியில் ஏறவில்லை.

"லோன் எடுக்கலாம் அப்பா, எல்லாரும் அதுதான்" என்று மகள் ஒருநாள் படியிறங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

லோன்! பிணைக்கு ஆர்?

3

அப்பா ஒருமுறை இஞ்சின் வாங்கக் கடன் எடுத்தார். ஊரில் அவருக்குச் சொந்தக்காரர் நூறு பேர், எல்லோரும் மீன்காரர். மீன்காரனுடைய கையெழுத்துக்கு வங்கியில் மதிப்பில்லை. கடல் கொடுத்தால் கட்டுவான், கொடுக்காவிட்டால் அவனை எங்கே பிடிப்பது? மாதம் முடியச் சம்பளம் வாங்கும் அரசாங்க உத்தியோகத்தர் இருவர் வேண்டும். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஒரு தபாலதிபர் வீட்டுக்கும் ஒரு வாத்தியார் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

கடனை அப்பா வங்கிக்குக் கட்டினார். வட்டியைத் தபாலதிபருக்குக் கட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். கடன் தீரும்வரை அவர் வீட்டுக்கு முதல்தரப் பாரை மீன் போகும். தெருவில் அவரைக் கண்டால் அப்பா சைக்கிளை விட்டு இறங்குவார். கடற்பக்கம் போகாத தபாலதிபரும் ஒவ்வொரு காலையும் கரைக்கு வந்து, "என்ன, இண்டைக்குத் தொழிலுக்குப் போகேல்லையோ?" என்று கேட்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அப்பாவின் படகு கவிழ்ந்தால் அவருடைய சம்பளமும் சேர்ந்து கவிழும்.

எங்கள் ஊரில் கடன் என்பது இன்னொரு மனிதனின் முதுகில் ஏறி இருப்பது. அதனால்தான் எனக்குக் கட்டணத்தைவிடப் பிணை பெரிய பயமாக இருந்தது. இந்த ஊரில் நான் யாருக்குச் சைக்கிளை விட்டு இறங்குவது? எனக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஆர்?

4

தேடத் தொடங்கினேன்.

முதலில் தபால்காரர். நல்ல மனிதர், நாயைக் கண்டாலும் சிரிப்பார். என் மனைவி சாந்தியைக் கொண்டு மீன் ரோல்ஸ் செய்வித்து இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாவது முறை கதையோடு கதையாகக் கேட்டபோதுதான், தபால் சேவையை எப்போதோ தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னார். ரோல்ஸ் நல்லாயிருந்தது என்றும் சொன்னார்.

அடுத்து நூலகம். அங்கத்தவராகி, தோட்டம் செய்வது பற்றிய புத்தகங்களாக எடுத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குத் தோட்டம் இல்லை. நூலகப் பெண்மணியோடு பழக்கம் பிடிப்பதற்குள் அவர் சம்பளமில்லாத தொண்டர் என்று தெரியவந்தது.

கடைசியாக, பாடசாலைச் சந்தியில் வாகனங்களை மறித்துப் பிள்ளைகளை வீதி கடக்கவைக்கும் அம்மணி. மஞ்சள் கோட்டு, கையில் பலகை. நகரசபை ஆள். அரைவாசி அரசாங்கம்தானே! சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உங்களுடைய வேலை நிரந்தரமானதோ?"

அவர் பலகையைத் தூக்கி ஒரு லொறியை மறித்துக்கொண்டே, "இந்த உலகத்தில் எதுதான் ராசா நிரந்தரம்?" என்றார்.

"ஓய்வூதியம் இருக்கோ?"

அவர் என்னை ஒருமாதிரி மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து நான் அடுத்த சந்தியால் வீதி கடக்கிறேன்.

சாந்திக்கு இதொன்றும் தெரியாது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு என் முகம் பார்க்க நேரமிருப்பதில்லை. ஆனால் ரோல்ஸ் கணக்கில் அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது. "உங்களுக்கென்ன, தபால்காரன் மச்சானோ?" என்று கேட்டாள்.

5

பிறகுதான் றபீக்கின் நினைப்பு வந்தது. திருகோணமலைப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை என் பக்கத்துக் கதிரை. கிண்ணியாக்காரன். இப்போது ஊரில் பிரதேச செயலகமொன்றில் வேலை. நிரந்தர நியமனம்; ஓய்வூதியம்; எல்லாம் உண்டு. அரசாங்கம்தான் வேறு. ஆனால் விதியில் எந்த அரசாங்கம் என்று சொல்லியிருக்கவில்லையே! விதியே இல்லை என்பதால் அதுவும் சரிதான்.

போன் எடுத்தேன்.

"டேய், உசிரோடதான் இரிக்கியா?" என்றான். இரண்டு வருடமாகக் கதைக்கவில்லை.

விசயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனும் நானும் ஒரே மாவட்டத்து வங்கிகளுக்குப் பயந்து வளர்ந்தவர்கள்.

"எங்க சைன் வைக்கோணும்? அதச் சொல்லு."

"வாசிச்சுப்போட்டு வைடா. பெரிய தொகை."

"வாசிச்சாப் பயம் வரும் மச்சான். வாசிக்காமலே வைக்கிறன்."

"ரெண்டாவது ஆள்?"

"எண்ட வீட்டுக்காரி இரிக்கா. குறிஞ்சாக்கேணியில டீச்சர்." கொஞ்சம் யோசித்தான். "இல்ல, புருசனும் பொஞ்சாதியும் ஒரே பிணைக்கு வைக்க ஏலாதெண்டுவானுகள். புல்மோட்டையில மருமகன் ஒருத்தன் இரிக்கான், கூட்டுத்தாபனத்தில. கூட்டுத்தாபனத்த இங்கிலீசுக்காரன் அரசாங்கமா எடுப்பானா?"

இங்கிலீஷ்காரன் எடுப்பானா மாட்டானா என்று நாங்கள் இருவரும் கால் மணித்தியாலம் தர்க்கித்தோம். கூட்டுத்தாபனம் அரசாங்கக் கம்பனிதான், முழு அரசாங்கம் அல்ல, ஆகவே ஆபத்து என்று முடிவாகி, அவனுடைய கந்தோரிலேயே ஒருவரைப் பிடிப்பதாகச் சொன்னான்.

போனை வைக்கும்போது அவனுடைய மகளைப் பற்றிக் கேட்டேன். இலங்கையின் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடமாம். "அங்க இலவசம்தானே?" என்றேன். "ஓம், படிப்பு இலவசம்" என்றான். "பஸ், அறை வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி, இதுக்கெல்லாம் தனியா ஒரு படிப்பு இரிக்கி. அத நான் படிக்கிறன்."

அப்படிப்பட்டவன்தான் வாசிக்காமலே வைக்கிறேன் என்றவன்.

6

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கையெழுத்து வந்து சேரமுன் வைகாசி முடிந்துவிடும். சேர்ந்தாலும் இங்கே எடுபடுமோ தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை மகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, அந்தக் கிட்ட இருக்கிறதும் நல்ல இடம்தானே? வீட்டில இருந்தே போய்வரலாம்."

"ஏன் அப்பா?"

காசு என்று சொல்ல வாய் வரவில்லை. பிணை என்று சொன்னால் விளங்கப்படுத்த வேண்டும். "கடற்காத்து உனக்கு ஒத்துவராது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். "சரி, நாளைக்குக் கணினியில கிட்ட இருக்கிறதையே அமத்திவிடுறன்" என்றாள். தர்க்கிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை வெல்லவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேலைக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை மீன் பகுதியில் கூட்டம். அவசரத்தில் போனை வீட்டில் விட்டுவிட்டேன்.

7

மாலையில் கதவைத் திறந்தால் குசினி நீதிமன்றமாக மாறியிருந்தது. ஒரு கதிரையில் சாந்தி. ஒரு கதிரையில் மகள். மேசையில், சீனி டின்னில் சாய்த்துவைத்த என் போன். அதற்குள் றபீக்கின் முகம்.

"மச்சான், மன்னிச்சுக்கோ" என்றான் போனுக்குள்ளிருந்து. "நீ எடுப்பாயெண்டு நினைச்சன். மகள் எடுத்திட்டாள்."

"றபீக் மாமா என்ர பேருக்கு ஸ்பெலிங் கேக்கிறார்" என்றாள் மகள். "லோனுக்குப் பிணைக் கடிதம் எழுதுறாராம். அப்பா, பிணை எண்டா என்ன?"

சொன்னேன். நீ கட்டாவிட்டால் அவர் கட்டுவார் என்று.

"மாமா கட்டுவாரோ? எனக்கோ? அவர் என்னை ஒருக்காலும் காணவே இல்லையே!"

"கொப்பன் எண்ட பரீட்சைப் பேப்பரப் பாத்தெழுதிப் பாஸானவன், மகள்" என்றான் றபீக். "அந்தக் கடன் ஒண்டு பாக்கி இரிக்கி. அவன் எங்கயும் ஓட ஏலாது."

"தபால்காரனுக்கு ரோல்ஸ் குடுத்தது இதுக்கோ?" என்றாள் சாந்தி. நான் தலையாட்டினேன். "உங்களுக்கு விசர். சுத்த விசர். நூலகத்துப் புத்தகம்?" அதற்கும் தலையாட்டினேன். மஞ்சள் கோட்டு அம்மணி விசயம் அவளுக்குத் தெரியாது; அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"காசு இல்லையெண்டுதான் கிட்டப் படி எண்டனீங்களோ?" மகளின் குரல் உயர்ந்தது.

"காத்து எண்டுதான் சொன்னனான்."

"சல்லிக் கடற்கரையில பிறந்த மனுசன் சொல்லுற கதை!" என்றாள் சாந்தி.

மகள் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். இரண்டு இடங்களின் பெயரும் இருந்தன. இன்னும் எதையும் அமத்தியிருக்கவில்லை. "பிணைக்கு ஒருத்தரும் தேவையில்லை அப்பா. ஒருத்தரும். ஆனா கடன் தாற ஆக்கள் உங்களிட்ட ஒண்டு கேட்டவை. மூண்டு கிழமைக்கு முன்னமே மின்னஞ்சல் வந்திருக்கும். உங்கட ரெண்டுபேரின்ர வருமானம் எவ்வளவெண்டு நீங்கள் சொல்லோணும். அதை நீங்கள் செய்யாட்டில் விடுதிக்குரிய கடன் ஆகக் குறைஞ்ச அளவுதான் வரும். நான் தூரப் போறது விருப்பமில்லாமல்தான் நீங்கள் அதை விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

மின்னஞ்சலை நான் கண்டிருந்தேன். ஏமாற்றுக்காரருடையது என்று அழித்திருந்தேன். அரசாங்கம் காசு தருவதாக எழுதினால் வேறு என்ன நினைப்பது?

"வருமானத்தப் போட்டுக் குடுடா நாயே" என்றான் சீனி டின்னில் சாய்ந்திருந்தவன். அன்று அந்த வீட்டில் எனக்கு விளங்கும் மொழியில் பேசியது அவன் ஒருவன்தான்.

8

அன்றிரவு மகள் விளங்கப்படுத்தியதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆண்டுக்கு ஆண்டு விதிகள் மாறும். நான் சொன்னேன் என்று சண்டைக்கு வரவேண்டாம்.

படிப்புக் கட்டணத்துக்கு ஒரு கடன். அது பிள்ளையின் கைக்கு வராது; நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். பெற்றோர் பணக்காரரா ஏழையா என்று அதற்குப் பார்ப்பதில்லை. இருக்கவும் உண்ணவும் இன்னொரு கடன். அதற்குத்தான் வீட்டு வருமானம் பார்ப்பார்கள். குறைந்த வருமானத்துக்குக் கூடிய கடன். வீட்டிலிருந்து படித்தால் குறைவு. வெளியே தங்கினால் கூடும். ஊரில் உதவி கேட்டுப் போகும்போது நாங்கள் நல்ல சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவோம். இங்கே சட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. வரித் திணைக்களத்துக்கு என் சம்பளம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இவை தவிர, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசும் உண்டு. அநேகமான பல்கலைக்கழகங்கள் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஓர் உதவித்தொகை வைத்திருக்கின்றன. எங்கள் வருமான விபரத்தைப் பல்கலைக்கழகம் பார்க்கலாம் என்று சம்மதம் கொடுத்தால்தான் அது வரும். வெட்கப்பட்டு 'இல்லை' என்று அமத்துகிறவர்கள் அதை இழக்கிறார்கள். நான் அமத்தப்போன விரலை மகள் பிடித்து இழுத்தாள். இடையில் கஷ்டம் வந்தால் கேட்பதற்கென்றும் ஒரு நிதி இருக்கிறதாம். கேட்கவேண்டும், தானாக வராது.

திருப்பிக் கட்டுவதுதான் எனக்கு விளங்கப் பிந்தியது. படித்து முடித்து, சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் ஒரு பங்கை வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். தாண்டாவிட்டால் பிடிக்கமாட்டார்கள். பல வருடம் கழித்தும் மிச்சமிருந்தால் அழித்துவிடுவார்கள்.

"உழைச்சால் தா, உழைக்காட்டில் விடு எண்டு கடன் குடுக்கிறவன் ஆர்?" என்று கேட்டேன்.

"வட்டி இருக்கு அப்பா. சும்மா இல்லை. கனகாலம் இழுக்கும்" என்றாள். அதுவும் உண்மை. கடன் கடன்தான். ஆனால் அது யாருடைய முதுகிலும் ஏறவில்லை. காலையில் கரைக்கு வந்து கேட்க ஒரு தபாலதிபரும் இல்லை.

மாணவர் விசாவில் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குக் கட்டணமும் வேறு, அது பலமடங்கு. என் மகளுடைய கதையை வைத்துக் காணியை விற்றுவிடாதீர்கள். அதை நான் முன்பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும்.

9

அடுத்த நாள் மிதுனா தெற்குக் கரையைத் தெரிவுசெய்தாள். நான் வருமான விபரத்தைப் போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொல்லை மூன்று முறை பிழையாக அடித்து, நாள் முழுக்க அந்த இணையத்தளத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு, அடுத்த நாள் திரும்பப் போய்க் கொடுத்தேன். புரட்டாதி கடைசியில் அவளைக் கொண்டுபோய் விட்டோம். கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. செலவுக் கடன் கொஞ்சம் பிந்தி வந்தது; அதுவரை அவள் சாந்தி கட்டிக்கொடுத்த மீன் ரோல்ஸில் சீவித்தாள்.

றபீக்கின் கடிதமும் பதிவுத் தபாலில் வந்தது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்பியிருந்தான். இரண்டு கையெழுத்து, இரண்டு றப்பர் முத்திரை, இரண்டு சம்பளச் சிட்டை. கூட்டுத்தாபன மருமகனையும் விடவில்லை. மேலதிகமாக மூன்றாவது கையெழுத்து அந்த மருமகனுடையது. யாரிடமும் கொடுக்கவேண்டி வரவில்லை.

அவள் போய் ஒரு வருடமாகிறது. இரண்டாம் வருடம் விடுதியில் இடமில்லை. தோழிகளோடு வெளியே வீடு எடுக்கிறாள். போன மாதம் போன் எடுத்தாள்.

"அப்பா, சிரிக்கக்கூடாது. வீட்டுக்காரர் பிணை கேக்கிறார்."

"ரெண்டு பேரோ?"

"ஒராள் காணும். அப்பா வைக்கலாம்."

படிவத்தை வாசித்துப் பார்த்தேன். அவள் வாடகை கட்டாவிட்டால் நான் கட்டவேண்டும். தொழில் என்ற இடத்தில் 'மீன் விற்பனை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.